உற்பத்தி நிறுத்தப்பட்ட பி.எல்.சி.க்கு உதிரிப் பாகம் தேடுவதும் சோதிப்பதும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெட்டப்படும் செம்பனைக் குலைகள் ஆலைக்கு வந்து காத்திருக்கக் கூடியவை அல்ல. அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும் என்பதால், வெட்டிய 24 மணி நேரத்திற்குள் குலையை ஆவியில் வேகவைத்துவிட வேண்டும் என்பது ஆலைகளின் நடைமுறை. வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் நீராவியை இரண்டு முறை ஏற்றி இறக்கி, மூன்றாம் முறை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் வரை நீளும் அந்தச் சுற்றை வரிசை பிசகாமல் ஓட்டுவது பல ஆலைகளில் இன்றும் ஒரு பழைய பி.எல்.சி., அதாவது எழுதி வைத்த புரோகிராமின்படி இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிதான். அதில் வால்வுகளுக்குக் கட்டளை அனுப்பும் ஓர் அவுட்புட் கார்டு பழுதானால் வால்வைக் கையால் திறந்து மூடி ஒரு ஷிஃப்டைச் சமாளித்துவிடலாம். புரோகிராமை ஓட்டும் சி.பி.யு. பழுதானால், குலைகளை இறக்கி வைக்கும் ரேம்ப்பில் அவை குவியத் தொடங்கிவிடும்.

இந்தக் கருவிகளின் வயதைக் கவனியுங்கள். சீமென்ஸ் சிமாட்டிக் எஸ்5 சந்தைக்கு வந்தது 1979 இல். மிட்சுபிஷியின் ஏ.என்.எஸ். வரிசை 2014 இலும், அலன்-பிராட்லி பி.எல்.சி.-5 2017 இலும் உற்பத்தி நிறுத்தப்பட்டன. நம் நாட்டில் எங்கும் காணப்படும் எஸ்7-300 கூட 2023 அக்டோபரிலிருந்து விடைபெறும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2033 வரை உதிரிப் பாகமாக மட்டும் கிடைக்கும் என்பது சீமென்ஸின் அறிவிப்பு. புதிய அமைப்புக்கு மாறுவதே நிரந்தரத் தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கான ஒதுக்கீடு கிடைத்து, பேனலை மாற்றும் அளவுக்கு ஆலையை நிறுத்தி வைக்கும் வாய்ப்பும் அமையும் வரை, இருப்பதைக் காப்பாற்றுவது பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு. வாங்கி ஸ்டோரில் வைத்துவிட்டதால் மட்டும் ஒரு கார்டு உதிரிப் பாகம் ஆகிவிடாது. கார்டுகளைச் செருகும் உங்கள் ரேக்கில், உங்கள் புரோகிராமோடு, சுமையைத் தாங்கி ஓடிக் காட்டிய பிறகே அதை நம்ப வேண்டும்.

கார்டைத் தேடுமுன் புரோகிராமைக் காப்பாற்றுங்கள்

புரோகிராம் கையில் இல்லாத ஆலைக்குப் புதிய சி.பி.யு. கிடைத்தும் பயனில்லை. ஆகவே விற்பனையாளரை அழைப்பதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் பி.எல்.சி.யிலிருந்து புரோகிராமைக் கணினிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். எஸ்5 தன் புரோகிராமிங் போர்ட்டில் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டச் சுற்று முறையில் பேசுவதால், சாதாரண சீரியல் கேபிளை அதில் செருக முடியாது; அதற்கென்றே உள்ள மாற்றிக் கேபிள் வேண்டும். யு.எஸ்.பி. மாற்றிகள் சில நேரம் நடுவில் துண்டித்துக்கொள்ளும் என்பதால், உண்மையான சீரியல் போர்ட் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றை இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது.

இறக்கிய பிறகு, கணினியில் உள்ள பிரதியையும் சி.பி.யு.வில் உள்ளதையும் மென்பொருளைக் கொண்டே ஒப்பிட்டுப் பாருங்கள். டைமர் அளவுகளும் அழுத்த எல்லைகளும் டேட்டா பிளாக்குகளில் இருக்கும். ஆப்பரேட்டர்கள் பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி ஆலைக்குப் பொருத்தமாக்கிய மதிப்புகள் அவை. அவற்றை விட்டுவிட்டு லாஜிக்கை மட்டும் சேமித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். பழைய அமைப்புகள் பலவற்றில் குறிப்புரைகளும் முகவரிப் பெயர்களும் பி.எல்.சி.க்குள் இருப்பதில்லை. அவற்றைப் பேனல் கதவின் உட்பையில் மடித்து வைத்த அச்சுப் பிரதியிலோ, அமைப்பை நிறுவிய நிறுவனத்தின் பழைய டிஸ்க்கிலோதான் தேட வேண்டும். ஆப்பரேட்டர் திரைக்கும் தனியாக ஒரு புரோகிராம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரதி எடுத்து முடிக்கும் வரை பேட்டரியைத் தொட வேண்டாம். பெரும்பாலும் பயன்படும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி தன் ஆயுளின் கடைசிக் கட்டம் வரை ஏறக்குறைய அதே அளவையே காட்டிவிட்டுத் திடீரெனச் சரியும். மல்டிமீட்டரில் 3.6 தெரிகிறது என்று நிம்மதி அடையாமல், மாற்றிய தேதியை வைத்தே அடுத்த மாற்றத்தை முடிவு செய்யுங்கள். மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டுமா, நிறுத்திவிட்டுச் சில நிமிடங்களுக்குள் மாற்ற வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். இதில் கையேடு சொல்வதே முடிவு.

எண்ணைக் கடைசி எழுத்து வரை எழுதுங்கள்

“எஸ்7-300 சி.பி.யு. 315 வேண்டும்” என்று கேட்டால் வருவது எதுவாகவும் இருக்கலாம். 6ஈஎஸ்7 315-2ஏஎஃப்03 என்ற எண்ணுள்ள சி.பி.யு.வும், 6ஈஎஸ்7 315-2ஏஜி10 என்ற எண்ணுள்ளதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் இரண்டாவது, எம்.எம்.சி. மெமரி கார்டு இல்லாமல் ஓடவே ஓடாது. முதலாவதற்காக எழுதிய திட்டத்தில் வன்பொருள் அமைப்பை மாற்றினால்தான் அதை இதற்குள் ஏற்ற முடியும். நள்ளிரவில் ஆலை நின்றிருக்கும்போது கண்டுபிடிக்க வேண்டிய வேறுபாடு அல்ல இது. சீமென்ஸ் லேபிளில் எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டு, அவற்றுள் ஒன்றின் இடத்தில் எக்ஸ் குறி நிற்கும். அந்த இடமே கார்டின் வன்பொருள் நிலையைச் சொல்கிறது. அதையும், கார்டுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

மின்னழுத்தத்தில் கூடுதல் கவனம் தேவை. நம் வீட்டுக்கும் ஆலைக்கும் வரும் மின்சாரம் 230/400 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வரும் பழைய சரக்கு பெரும்பாலும் 120 வோல்ட் உலகத்தைச் சேர்ந்தது. அலன்-பிராட்லி எஸ்.எல்.சி. 500 வரிசையில் 1746-ஐஏ16 என்ற இன்புட் கார்டு 100/120 வோல்ட்டுக்கும், 1746-ஐஎம்16 என்பது 200/240 வோல்ட்டுக்கும் உரியவை. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அதே வரிசையின் 1746-பி1, பி2 பவர் சப்ளைகளில் 120க்கும் 240க்கும் இடையே மாற்றும் ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கார்டோடு முன்பக்க வயரிங் கனெக்டரும், எஸ்7-300 என்றால் பின்பக்கத்து பஸ் கனெக்டரும் சேர்ந்து வருகின்றனவா என்று கேளுங்கள். தனியாகத் தேடினால் இந்தச் சிறு பொருள்களுக்கு அலைய வேண்டியிருக்கும்.

எங்கே தேடுவது

என் பார்வையில் மிகச் சிறந்த இடம் பக்கத்து ஆலைதான். புதிய அமைப்புக்கு மாறும் ஆலையின் பழைய பேனலிலிருந்து வரும் கார்டுக்கு வரலாறு உண்டு: எத்தனை ஆண்டு ஓடியது, எதற்காகக் கழற்றப்பட்டது, கழற்றும் நாளில் ஓடிக்கொண்டிருந்ததா என்று அங்கு மின்சாரப் பொறுப்பில் உள்ள சார்ஜ்மேனிடமே கேட்டறியலாம். ஒரே வட்டாரத்து ஆலைகளின் பராமரிப்பாளர்கள் தங்களிடம் உள்ள மாடல்களின் பட்டியலைப் பகிர்ந்துகொண்டால், அவசரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் கார்டு கைக்கு வரும். பழைய பேனலை இரும்புக் கடைக்கு எடை போட்டு அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லும்படி தெரிந்தவர்களிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்த நிலையில், ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், கிள்ளான், பினாங்கு போன்ற தொழிற்பகுதிகளில் பழைய தொழிற்சாலைச் சாதனங்களை வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். கெப்பாசிட்டர், ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர், ரிலே போன்ற உள்ளுறுப்புகளுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பசார் கடைகளும், குளுவாங்கில் இருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் சிம் லிம் டவரும் உதவும்.

இணையத்தில் வாங்கும்போது, விளம்பரத்துக்குப் பொதுவாகப் போடும் படத்தை ஏற்காமல், உங்களுக்கு வரப்போகும் அதே கார்டின் லேபிள், பின்பக்க முனைகள், பக்கவாட்டு ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “புதியது” என்று சொல்பவரிடம் பெட்டியின் சீரியல் எண்ணும் கார்டின் சீரியல் எண்ணும் ஒன்றுதானா என்று கேளுங்கள். பழைய கார்டைத் துடைத்து, புதிய பெட்டியில் போட்டு ஒட்டுவது இந்தச் சந்தையில் நடக்கிற காரியம். திருப்பி அனுப்பும் காலக்கெடு உங்கள் சோதனை முடியும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியுடன் அனுப்பினால் விமான அஞ்சலில் சிக்கல் வரலாம் என்பதால் அதைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்வது நல்லது.

பொட்டலத்தைப் பிரித்ததும்

மணிக்கட்டு எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியுடன் உட்காருங்கள். திருகாணித் தலைகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். வெளி லேபிளில் உள்ள எண்ணும் உள்ளே போர்டில் அச்சிட்ட எண்ணும் ஒரே கார்டுக்கு உரியவையா என்று பார்க்க வேண்டும். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா, அதன் அடியில் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறதா, கம்யூனிகேஷன் போர்ட்டுக்குப் பக்கத்தில் கருகிய தடம் உண்டா என்பவற்றை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். இடி மின்னல் அதிகமான நம் நாட்டில் அந்தப் போர்ட்தான் முதலில் அடி வாங்கும்.

செம்பனை ஆலையிலிருந்து வந்த கார்டில் வேறொன்றையும் தேட வேண்டும். கழிவு நீர்க் குளங்களில் காற்றில்லாமல் நொதிக்கும் கழிவிலிருந்து மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளிவருகிறது. அது வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். ரிலே முனைகளும் கனெக்டர் ஊசிகளும் கரும் பழுப்பாக மாறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் நார்த் தூசியும் போகும். சல்ஃபைடு படிவு அப்படிப் போகாது. கறுத்த ரிலேயை மாற்றிவிடுவதே முறை.

சோதனை மேசை

சோதனைக்கென ஒரு ரேக்கும், நன்றாக ஓடும் என்று தெரிந்த பவர் சப்ளை, சி.பி.யு. ஒன்றும் நிரந்தரமாக இருக்க வேண்டும். சோதிக்காத இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதில் எது கெட்டது என்பது தெரியாமல் போவதோடு, ஒன்று மற்றதையும் கெடுத்துவிடலாம்.

எனவே பவர் சப்ளையைத் தனியாகவே சோதிக்க வேண்டும். பல ஆண்டு அலமாரியில் கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் ஆக்சைடு படலம் மெலிந்துபோயிருக்கும். நேரடியாக முழு மின்னழுத்தம் கொடுத்தால் அது வெடிக்கக் கூடும். பெரிய கெப்பாசிட்டர்களைக் கழற்றி, ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக மின்னழுத்தம் ஏற்றிப் படலத்தை மீட்டெடுக்கலாம். அல்லது, நான் விரும்புவதுபோல, புதிய கெப்பாசிட்டர்களைப் போட்டுவிடலாம். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது பழைய இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் விளக்குப் பளிச்சென்று எரிந்து எச்சரிக்கும். 230 வோல்ட்டை நேர்மின்னாக்கியதும் உள்ளே ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது உடனே போகாது. தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனோ சார்ஜ்மேனோ இல்லாமல் மூடி திறந்த பவர் சப்ளையில் கை வைக்கக் கூடாது.

விளக்கை எடுத்துவிட்டு அடுத்துச் சுமை கொடுங்கள். 5 வோல்ட் வெளியீட்டில் 2.5 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் 2 ஆம்பியர் ஓடும், 10 வாட் வெப்பம் வரும். ஆகவே 25 வாட் தாங்கும் ரெசிஸ்டராகத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் அளவு 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேண்டும். கையேட்டில் வேறு எல்லை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆசிலோஸ்கோப்பில் சிற்றலையையும், அதாவது வெளியீட்டு மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் நான் கெப்பாசிட்டரைச் சந்தேகிப்பேன். சுமையில்லாமல் மல்டிமீட்டரில் 5.0 காட்டும் பவர் சப்ளை, சுமை ஏறியதும் சரிந்துவிடுவதை இந்த ஒரு மணி நேரத்தில்தான் காண முடியும்.

இன்புட் கார்டுக்கு மாறக்கூடிய மின்னழுத்தம் தரும் சப்ளை வேண்டும். 24 வோல்ட் இன்புட்டுகளுக்கு ஐ.இ.சி. 61131-2 தரநிலையின் முதல் வகைப்படி 15 வோல்ட்டுக்கு மேல் உறுதியாக ‘1’, 5 வோல்ட்டுக்குக் கீழ் உறுதியாக ‘0’. ஒவ்வொரு சேனலிலும் மெதுவாக ஏற்றி, எந்த இடத்தில் மாறுகிறது என்று குறியுங்கள். 24 வோல்ட் கொடுத்தால் எல்லாச் சேனலும் எரியும். வயதான ஆப்டோகப்ளர் உள்ள சேனல் மட்டும் மற்றவை மாறிய பிறகும் தயங்கி நிற்கும். ஒன்றை ஏற்றும்போது பக்கத்துச் சேனல் எதுவும் எரியாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்பக்க விளக்கு எரிவது மட்டும் போதாது, சி.பி.யு.வில் அந்த பிட் மாறியதா என்பதே கேள்வி.

அவுட்புட் கார்டில் பலரும் ஏமாறுவது மல்டிமீட்டரால்தான். மாறுதிசை மின்சாரத்துக்கான டிரையாக் அவுட்புட் அணைந்த நிலையிலும் சிறிதளவு மின்னோட்டம் கசியும். மீட்டர் மின்னோட்டம் எடுக்காத கருவி என்பதால், சுமையே இல்லாமல் அளந்தால் ஏறக்குறைய முழு மின்னழுத்தத்தையும் காட்டும். நல்ல கார்டைக் கெட்டது என்று ஒதுக்க இது ஒன்றே போதும். அந்த அவுட்புட்டின் மின்னழுத்தத்துக்கேற்ற ஒரு விளக்கை மாட்டிவிட்டு அளந்தால் உண்மை தெரியும். அரை ஆம்பியர் டிரான்சிஸ்டர் அவுட்புட்டுக்கு 24 வோல்ட், 5 வாட் விளக்குக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். விளக்கில் தேறியதும், ஆலையில் உண்மையில் பயன்படும் சோலினாய்டு வால்வு ஒன்றையே மாட்டி இயக்கிப் பாருங்கள், ஏனெனில் அணையும்போது சுருள் திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்தை விளக்கு தருவதில்லை. ரிலே அவுட்புட்டில் 1 ஆம்பியர் ஓடவிட்டு, மூடிய முனைகளுக்கு இடையே மில்லிவோல்ட்டில் அளவெடுங்கள். 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் முனை தேய்ந்திருக்கிறது அல்லது கறுத்திருக்கிறது.

அனலாக் கார்டுக்கு, அளவு தெரிந்த மின்னோட்டம் தரும் லூப் கேலிபரேட்டரால் 4, 8, 12, 16, 20 மில்லிஆம்பியரை ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் கொடுங்கள். எஸ்7-300இல் சி.பி.யு. படிக்கும் எண்ணாக 4க்கு 0, 12க்கு 13824, 20க்கு 27648 வர வேண்டும். அந்த வரிசையின் சில அனலாக் கார்டுகளின் பக்கவாட்டில் ஏ, பி, சி, டி என்று திருப்பிச் செருகும் சிறு கட்டை இருக்கும். பழைய கார்டில் அது நிற்கும் நிலையைப் பார்த்துப் புதியதிலும் அப்படியே வைக்க வேண்டும். வெப்பநிலைக்கான பி.டி.100 இன்புட்டுக்குத் துல்லிய ரெசிஸ்டர்கள் போதும்: 100 ஓம் என்றால் 0 டிகிரி, 138.51 ஓம் என்றால் 100 டிகிரி செல்சியஸ். ஸ்டெரிலைசர் 140 டிகிரியைத் தாண்டி ஓடுவதால் 153.58 ஓம்மிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அது சரியாக 140 டிகிரியைக் காட்ட வேண்டும்.

சி.பி.யு.வுக்கு உங்கள் ஆலையின் புரோகிராமை ஏற்றி, ரன் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு மின்சாரத்தை நிறுத்தி ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் புரோகிராமும் நிலைத்திருக்க வேண்டிய மதிப்புகளும் அப்படியே இருக்கின்றனவா, கடிகாரம் சரியா, எல்லாப் போர்ட்டுகளும் பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தேறிய கார்டுகளை ஒரே ரேக்கில் மாட்டி, அவுட்புட்டுகளை இன்புட்டுகளுக்கு வயரால் திருப்பி இணைத்து, ஒவ்வொரு அவுட்புட்டாக ஒரு விநாடி ஏற்றி இறக்கும் சிறு புரோகிராம் எழுதுங்கள். அனுப்பியதும் திரும்பி வந்ததும் ஒத்துப்போகாத ஒவ்வொரு முறையும் ஒரு கவுண்டர் ஏற வேண்டும். ரேக்கைப் பெட்டிக்குள் வைத்து, தெர்மாமீட்டர் பார்த்து 50 டிகிரி வரை சூடாக்கி, 72 மணி நேரம் ஓடவிடுங்கள். பாய்லருக்குப் பக்கத்துப் பேனலில் மதிய நேரத்து வெப்பத்தை அந்தக் கார்டு சந்தித்தே ஆக வேண்டும். எஸ்7-300ஐக் கிடையாகப் பொருத்தினால் 60 டிகிரி வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் எல்லை. கவுண்டர் பூச்சியத்தில் நின்றால் கார்டு தேறியது. ஒன்று காட்டினாலும் அதை ஏற்க வேண்டாம். முதலில் வயரைச் சரிபார்த்து மறுபடியும் முழுமையாக ஓட்டுங்கள்.

எதைப் பழையதாக வாங்கக் கூடாது

பாய்லரின் தாழ் நீர்மட்டத் தடுப்பு, அவசர நிறுத்தப் பொத்தான், ஸ்டெரிலைசர் கதவுப் பூட்டு ஆகியவற்றின் பாதுகாப்புச் சுற்றுகளில் உள்ள ரிலேக்களையும் சென்சார்களையும் எவ்வளவு சோதித்தாலும் பழைய சந்தையிலிருந்து வாங்கக் கூடாது. இவை பி.எல்.சி.யை நம்பியிராமல் நேரடி வயரிங்கில் இயங்க வேண்டியவை. புதிய பொருளை, உரிய சான்றிதழுடன், அங்கீகாரம் பெற்ற முகவரிடம் மட்டுமே வாங்குங்கள். அழுத்தத்தில் இருக்கும் கதவுக்கு முன் நிற்பவர் நம்மில் ஒருவர். இதில் மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லை.

ஸ்டோரில் வைக்கும் முறை

தேறிய கார்டை மின்னேற்றம் தடுக்கும் உறையில், சிலிக்கா ஜெல்லுடன் அடைத்து, சோதித்த தேதி, சோதித்தவர் பெயர், வன்பொருள் நிலை, ஜம்பர் அமைப்பு ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அலமாரி கழிவுக் குளத்துப் பக்கமோ பாய்லர் பக்கமோ வேண்டாம். சூடு 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. பேட்டரியைச் சி.பி.யு.வில் மாட்டி வைக்காமல், தனியாக, தேதியுடன் வையுங்கள். பவர் சப்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது சில மணி நேரம் சுமையுடன் ஓட்டுங்கள். ஆண்டு நிறுத்தத்தின்போது, காற்றழுத்தத்தையும் நீராவியையும் அடைத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, ஸ்டோர் கார்டைப் பேனலிலும் பேனல் கார்டை ஸ்டோரிலுமாக மாற்றி வைத்தால், இரண்டும் ஓடக்கூடியவை என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும்.

தேறாத கார்டிலிருந்து கனெக்டர், மூடி, நல்ல ரிலே ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பழைய இரும்போடு சேர்க்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவுகள்) விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டில் வருகிறது. 180 நாள்களுக்குள் உரிமம் பெற்றவரிடம் அதை ஒப்படைத்து, பதிவையும் வைத்திருக்க வேண்டும்.